ஆறு வாரத்துக்கு வீட்டை மாத்திக்கிட்டோமுங்க: மருதமலை அடிவாரம் டு ஹாலந்து

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க, எந்த சைட்டு மூலமா போனோம்னு பேரு போடமாட்டன். பாதி எடத்துல திட்டப்போறன், பேரு போட்டா அவங்க வந்து விளக்கம் குடுப்பாங்க, எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை இல்ல. அப்பறம் சைட்டுன்னா நம்மூர்ல பிளாட்டு போட்டு விக்கிற சைட்டு இல்லைங்க, இன்டர்நெட்டு சைட்டு. எங்க பெரியம்மா கடைசி வரைக்கும் நான் ஹாலந்துல எடம் வாங்கப் போறன்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க.

விசயம் இதுதான். நீங்க எங்க வீட்டுல வந்து இருங்க, நாங்க உங்க வீட்டுல போயி இருக்கறோம், ரெண்டு பக்கமும் வாடகை கிடையாது. இது ஒன்னும் புதுசும் இல்லைங்க. 1953லயே ஐரோப்பால பள்ளிக்கூட வாத்தியாருங்க கொஞ்சம் பேரு சேந்து ஆரம்பிச்சதுதான் இன்டர்வேக்குனு ஒன்னு, வாத்தியாருக்கு லீவு நெறைய, சம்பளம் கம்மி, ஓட்டல்ல தங்கி கட்டுப்படி ஆகுமா, அதனால வீட்டை மாத்திக்கிட்டாங்க. எங்கூட்டம்மாவும், அதான் என்ற சம்சாரம், ரிட்டயர்டு டீச்சர்தான், இந்த ஒரு விசயத்தைச் சொன்னதும்தான் அவங்களுக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு, டீச்சருங்க கண்டுபுடிச்சதுன்னா சரியாத்தான் இருக்கும்னு. நான் முப்பது வருசம் ஸ்பின்னிங் மில்லுல இருந்தவன், எனக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது.

சைட்டுக்கு வருசச் சந்தா இருபதாயிரம் பக்கம் வாங்கறாங்க. அதுக்கு என்ன பண்றாங்கன்னு கேட்டீங்கன்னா, கல்யாணத் தரகர் வேலைதான். போட்டோ காட்டுவாங்க, ரெண்டு பேரையும் பேச வெப்பாங்க, காசு வாங்கிக்குவாங்க, அதோட சரி. மத்ததெல்லாம் ரெண்டு குடும்பத்துக்குள்ளதான். இதை மனசுல வெச்சுட்டுப் போனா ஏமாற மாட்டீங்க, ஓட்டல் புக்கிங் மாதிரி நெனச்சுட்டுப் போனீங்கன்னா சண்டைதான் வரும்.

மொதல் தலைவலி அட்ரஸ் வெரிபிகேசன். கரண்ட் பில்லு அப்லோடு பண்ணுங்கன்னான், பண்ணேன், பேரு ஒத்துவரலைன்னு தள்ளிட்டான். ஏன்னா ஈபி கனெக்சன் இன்னும் எங்கப்பா பேருல இருக்குது, அப்பா போயி ஒம்பது வருசம் ஆச்சு. நம்ம ஊர்ல பாதி வீட்டுல இந்தக் கதைதான், இதை அவனுக்கு எப்படி வெளக்கறது? நான் ஒரு மெயில் போட்டா மூணு நாள் கழிச்சு பதில் வரும், அதுலயும் மொதல்ல கேட்ட அதே கேள்வியத்தான் கேப்பான். கடைசில ஈபி ஆபீசுக்கு நடந்து பேரை மாத்திட்டேன். ஒம்பது வருசமா அம்மா சொல்லிட்டிருந்த வேலை அது, சைட்டுக்காரன் புண்ணியத்துல முடிஞ்சுது.

அப்பறம் பாயின்ட்டுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கறாங்க. ஒரே நேரத்துல மாத்திக்க முடியாதவங்க, நம்ம வீட்டுல யாரையாவது தங்க வெச்சா பாயின்ட்டு சேரும், அதை வெச்சு வேற யார் வீட்டுலயாவது போயி தங்கிக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா மூணு பெட்ரூமு, மொட்டை மாடில நின்னா மருதமலைக் கோயில் தெரியற எங்க வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கு போட்ட பாயின்ட்டு, பாரிஸ்ல பொறாக்கூண்டு மாதிரி ஒரு ரூமுக்குப் போட்டதுல பாதிதான். எனக்கு வயித்தெரிச்சல். அதனால பாயின்ட்டே வேண்டாம், ஆளுக்கு ஆளு நேரா மாத்திக்கலாம்னு தேட ஆரம்பிச்சோம்.

43 பேருக்கு மெசேஜ் போட்டோமுங்க. பதில் வந்தது ஏழோ எட்டோ. ஒரு பிரெஞ்சுக்காரங்க உங்க வீட்டுல இருந்து பீச் எவ்வளவு தூரம்னு கேட்டாங்க, கோயமுத்தூர்ல பீச்சுக்கு நான் எங்க போறது. இன்னொருத்தங்க ஸ்விம்மிங் பூல் இருக்குதான்னாங்க, தண்ணித் தொட்டி இருக்குதுன்னு எழுதலாம்னு பாத்தேன், எங்கூட்டம்மா வேண்டாம்னுட்டாங்க. பொறவுதான் இவங்க கெடச்சாங்க. என்ஸ்கெடேன்னு ஒரு ஊரு, நெதர்லாந்துல கெழக்குக் கோடில, ஜெர்மனி பார்டர். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் எங்க வயசு. அந்தம்மா வீட்டுலயே சின்னதா ஒரு தறி வெச்சு நெய்யறவங்க, பவானி ஜமக்காளம் நெய்யறதை நேர்ல பாக்கோணும்னு ஆசையாம். அவங்க மாமனாரு ஆயுசு பூரா அந்த ஊர் மில்லுலதான் வேலை செஞ்சவராம். ஆஹா நம்ம ஆளுங்கடான்னு தோணுச்சு.

வீடியோ கால் மூணு தடவை. அசப்புல பொண்ணு பாக்கற மாதிரியேதான், பஜ்ஜி சொஜ்ஜி ஒன்னுதான் இல்ல. அவங்க பாத்ரூமைக் காட்ட, நாங்க பொடக்காளி வரைக்கும் காட்ட, எந்தப் பக்கம் வெயில் வரும், பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி, ராத்திரி சத்தம் இருக்குமான்னு எல்லாம் பழமை பேசி முடிக்கறப்ப கிட்டத்தட்ட சம்பந்தி ஆயிட்டோம். இந்த எடத்துல அவசரப்படாதீங்க. மூணு கால் பேசியும் மனசுக்கு ஒப்பலைன்னா விட்டுடுங்க, சந்தா போனா போகுது.

தேதி ஜூலை மொத வாரத்துல இருந்து ஆகஸ்ட் 15 வரைக்கும். அங்க அவங்களுக்கு கோடை லீவு, இங்க நமக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜிலுஜிலுன்னு அடிக்கற நேரம். ஏப்ரல் மே மாசத்துல வெள்ளைக்காரங்களைக் கூப்புட்டு வேக வெச்சராதீங்க.

ஒறம்பரை சனத்துக்கு விசயம் தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. பெரியம்மா, "ஏஞ்சாமி, நோம்பிக்கு நாங்க வந்தா படுக்க எடமில்லைன்னுவ, இப்ப மொகந்தெரியாத வெள்ளைக்காரனுக்கு சாவியவே குடுத்துட்டுப் போறியா"ன்னாங்க. மச்சான், வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிட்டா என்ன பண்ணுவீங்க மாப்ளன்னான். அவங்க வீட்டு சாவி எங்கிட்ட இருக்குமேன்னேன். அதுக்கு மேல அவன் ஒன்னும் பேசல.

விசா கதைய சுருக்கமா சொல்லிடறன். ஷெங்கன் விசா, ஆளுக்கு 90 யூரோ, சென்டர்க்காரன் சார்ஜ் தனி, அதுபோக குறைஞ்சது 30,000 யூரோவுக்கு டிராவல் இன்சூரன்ஸ் போடோணும். ஓட்டல் புக்கிங் இல்லையே எங்க தங்குவீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு நெதர்லாந்துல ஒரு ஃபாரம் இருக்குது, எங்க வீட்டுலதான் தங்கறாங்கன்னு வீட்டுக்காரங்க எழுதி, அவங்க ஊரு முனிசிபாலிட்டில கையெழுத்தை அத்தாட்சி பண்ணி அனுப்போணும். அவங்க அனுப்பிச்சாங்க. கூடவே வீடு மாத்திக்கறோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசியும் வெச்சோம். விசா வந்துச்சு.

நம்ம பக்கத்துல யாரும் சொல்லாத விசயம் ஒன்னு இருக்குது, நாங்க போனப்ப அதுக்குப் பேரு ஃபார்ம் சி. வெளிநாட்டுக்காரங்க உங்க வீட்டுல தங்குனாங்கன்னா, காசு வாங்குனாலும் வாங்காட்டியும், வந்த 24 மணி நேரத்துக்குள்ள எப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டுக்காரங்களைப் பதிவு பண்ற கவர்மென்ட்டு ஆபீசு, அவங்க வெப்சைட்டுல ஏத்தோணும். வீட்டுக்காரன் மொதல்லயே லாகின் வாங்கி வெச்சிருக்கோணும். சைட்டுக்காரன் இதைப் பத்தி ஒரு வரி சொல்லல, அவனுக்கு எல்லா நாடும் ஒன்னுதான். எனக்கு ஒரு லாட்ஜ் வெச்சிருக்கற சினேகிதர் சொல்லித்தான் தெரியும். இதுக்காகவே அவங்களை நாங்க கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வரச்சொல்லிட்டோம். பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் ஸ்கேன் பண்ணி நானே ஏத்திட்டு, வீட்டையும் சுத்திக் காமிச்சுட்டுக் கெளம்புனோம். அவங்க வீட்டு சாவிய அங்க பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்திருந்தாங்க. வாடகை வீட்டுல இருக்கறவங்க ஓனர் கிட்ட கேக்காம இதுல எறங்கவே எறங்காதீங்க.

இப்பத்தான் உண்மையான வேலைக்கு வர்றேன். வீட்டுக் கையேடுன்னு ஒன்னு எழுதோணும். அவங்க எங்களுக்கு அனுப்புனது நாலு பக்கம். நாங்க எழுதுனது பதினேழு பக்கமுங்க! அதுல தண்ணிக்கு மட்டும் மூணு பக்கம். யோசிச்சுப் பாருங்க, சிறுவாணித் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வரும், எப்ப வரும்னு தெரியாது, வந்தா கேட்டு வால்வைத் தொறந்து தொட்டில விடோணும், அதுதான் குடிக்க சமைக்க. போர் தண்ணி உப்பு, அது வேற டேங்கு, அதுதான் குளிக்க தொவைக்க, அந்த மோட்டாரு தனி, இந்த மோட்டாரு தனி, பாத்ரூமுல பச்சைக் கொழாய் உப்பு, நீலக் கொழாய் நல்ல தண்ணி, நல்ல தண்ணிய செடிக்கு விட்டா எங்கம்மா மேல இருந்து பாத்துட்டு இருப்பாங்க. இதை வெள்ளைக்காரங்களுக்குப் புரியற மாதிரி இங்கிலீசுல எழுதிப் பாருங்க, அப்பத் தெரியும் நாம எப்படிப்பட்ட வாழ்க்கை வாழறோம்னு. எங்கூட்டம்மா கரும்பலகைல போடற மாதிரி படமே வரைஞ்சாங்க, அம்புக்குறி எல்லாம் போட்டு.

மீதிப் பக்கத்துல கேஸ் சிலிண்டர் மாத்தறது, யூபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், பால்காரர் வர்ற நேரம், செருப்பை வெளிய விடறது, சாமி ரூமு. வீட்டுக்குள்ள மாட்டுக்கறி மட்டும் வேண்டாம்னு மொத கால்லயே சொல்லிட்டோம், சொல்றதுக்கு கூச்சமாத்தான் இருந்துச்சு, அவங்க ஒன்னும் தப்பா எடுத்துக்கல, அவங்க ரெண்டு பேரும் கறியே திங்கறதில்லையாம். மனசுல இருக்கறதை முன்னாடியே சொல்லிடுங்க, போயிட்டு வந்து மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா யாருக்கு லாபம்? அப்பறம் கடைசிப் பக்கத்துல, ராத்திரி எட்டு மணிக்கு மேல அடிவாரத்து ரோட்டுல நடக்க வேண்டாம், யானை வரும்னு எழுதிருந்தோம். அதை அவங்க ஊரைப் பத்தின வெளம்பரம்னு நெனச்சுக்கிட்டாங்க. அது அப்பறம் சொல்றன்.

அங்க போனதைச் சொல்றன். பெங்களூர்ல இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நேரா ஃபிளைட்டு. ஏர்போர்ட்டுக்கு அடிலயே ரயில்வே ஸ்டேசன், அங்க ஏறி ரெண்டு மணி நேரம் கொஞ்சம் சில்லறை, என்ஸ்கெடே வந்துருச்சு. அதாவது ஒரு நாட்டோட அந்தக் கோடில இருந்து இந்தக் கோடிக்கு, நாம கோயமுத்தூர்ல இருந்து சேலம் போற நேரத்துல போயிடறாங்க. டிக்கெட்டே எடுக்க வேண்டியதில்ல, பேங்க் கார்டைத் தட்டிட்டு உள்ள போயி எறங்கறப்ப மறுக்கா தட்டோணும், எறங்கறப்ப தட்ட மறந்துட்டீங்கன்னா எச்சாப் புடிச்சுக்குவான், நான் ஒருக்கா மறந்தேன்.

வீடு சின்னது, ஆனா சுத்தம்னா சுத்தம். படிக்கட்டு மட்டும் தென்னைமரம் ஏறற மாதிரி செங்குத்தா இருக்கும், முழங்கால் வலி இருக்கறவங்க மொதல்லயே கேட்டுக்கோங்க. கொழாய்த் தண்ணிய அப்படியே புடிச்சுக் குடிக்கலாம், எந்தக் கொழாய்னாலும். மூணு பக்கம் எழுதிட்டு வந்த எனக்கு அதைப் பாத்ததும் வெக்கமாப் போச்சு. கக்கூசுல தண்ணிக் கொழாய் கிடையாதுங்க, ஒரு மக்கு பெட்டில எடுத்து வெச்சுக்கோங்க, அதை எந்த சைட்டுலயும் எழுதமாட்டாங்க. அதே கக்கூசுச் செவுத்துல ஒரு காலண்டரு, அதுல சொந்தக்காரங்க சினேகிதங்க பொறந்தநாளெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. அந்த நாட்டுல அதுதான் வழக்கமாம், தெனமும் எப்படியும் அங்க போயித்தானே ஆகோணும், மறக்காதுன்னு. எங்கூட்டம்மா அதைப் பாத்து ஒரு வாரம் சிரிச்சாங்க.

மொத நாள் சமையல்ல அசிங்கப்பட்டோம். கடுகு தாளிச்சு வரமொளகாய் கிள்ளிப் போட்டதுதான் தெரியும், கூரைல இருந்து வீல்னு ஒரு சத்தம். அங்க 2022ல இருந்து எல்லா வீட்டுலயும் மாடிக்கு ஒரு ஸ்மோக் அலாரம் கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரரு ஓடி வந்து, துண்டை எடுத்து விசிறி நிறுத்திட்டு, வாசனை நல்லா இருக்குதுன்னுட்டுப் போனாரு. அடுத்த நாள்ல இருந்து ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டுத்தான் தாளிப்பு. துருக்கிக்காரங்க கடைல வெண்டைக்காய், கொத்தமல்லி, பச்சமொளகாய் எல்லாம் கெடைக்குது, டோக்கோன்னு ஒரு வகைக் கடை இருக்குது, இந்தோனேசியா சாமான் விக்கறது, அங்க கருவேப்பிலை கூட கெடச்சுது. அரிசியும் பருப்பும் ஆக்குனோம், சின்ன வெங்காயத்துக்குப் பதிலா அவங்க ஊரு ஷாலட்டு போட்டோம், வெலையைப் பாத்தா உரிக்கறதுக்கே கை வரல.

செவ்வாய்க்கெழமையும் சனிக்கெழமையும் ஊருக்கு நடுவுல சந்தை. நம்மூர் சந்தை மாதிரியே கூவி விக்கறாங்க, ஜெர்மன்காரங்க பார்டர் தாண்டி பை தூக்கிட்டு வர்றாங்க. சுடச்சுடப் பொரிச்ச மீன் துண்டு, கிப்லிங்னு பேரு, எங்கூட்டம்மா சந்தை நாளெல்லாம் அதுதான் சாப்பாடு. சைக்கிள் ரெண்டு விட்டுட்டுப் போயிருந்தாங்க, ஆனா பிரேக்கு ஹேண்டில்ல இல்ல, பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தான் நிக்கும். அது தெரியாம நான் ஒரு வேலில போயி வுழுந்தேன். நாலு பக்கக் கையேட்டுல அதையும் ஒரு வரி எழுதிருக்கலாம்.

எனக்கு நெம்பப் புடிச்சது அந்த ஊரோட கதை. ட்வென்டேன்னு அந்தப் பக்கத்தையே சொல்லுவாங்க, ஒரு காலத்துல பூரா பஞ்சாலை, துணி ஆலை. 1960கள்ல இருந்து ஒவ்வொன்னா மூடிட்டாங்க, ஏன்னா கூலி கம்மியான நாடுகள்ல இருந்து துணி மலிவா வந்து எறங்க ஆரம்பிச்சுருச்சு. துருக்கில இருந்து சனங்க அந்த ஊருக்கு வந்ததே மில்லு வேலைக்குத்தான். இப்ப மில்லு இல்ல, அவங்க பேரப் புள்ளைங்க காய்கறிக்கடை வெச்சிருக்காங்க. பழைய மில்லுக் கட்டடத்துல மியூசியம் வெச்சிருக்காங்க. அது இருக்கற ஏரியாவே ஒருக்கா அழிஞ்சு போன ஏரியா, 2000 மே 13ந் தேதி குடியிருப்புக்கு நடுவுல இருந்த பட்டாசு குடோன் வெடிச்சு 23 பேரு செத்துட்டாங்க, தெருவே தரைமட்டம். பொறவு அதே சனத்துகிட்ட கேட்டுக் கேட்டு கட்டிக் குடுத்திருக்காங்க. சிவகாசியை வெச்சிருக்கற நமக்கு அங்க நிக்கறப்ப ஒரு மாதிரி ஆயிருது. கோயமுத்தூர்ல 1888ல மொத மில்லு வந்ததுல இருந்து 2020ல சென்ட்ரல் கவர்மென்ட்டோட என்டிசி மில்லெல்லாம் நின்னு போனது வரைக்கும் நானும் அந்த மியூசியத்துல நின்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். ஓட்டல்ல ரெண்டு நாள் தங்கிட்டு ஓடற டூர்ல போயிருந்தா அந்த ஊருக்கே போயிருக்க மாட்டேன்.

பூனைய சொல்ல மறந்துட்டேன். அவங்க வீட்டுப் பூனை, பாத்துக்கோணும்னு ஒப்பந்தத்துலயே இருந்துச்சு. காலைல மருந்து, சாயந்திரம் ஒரு டப்பா. ஒரு ராத்திரி கூட வெளியூர்ல தங்க முடியல, பாரிஸ் போலாம்னு இருந்த பிளான் பூனையால போச்சு. வளப்புப் பிராணி இருந்தா யோசிச்சு ஒத்துக்கோங்க, இதுல நான் ஒரு மார்க்கு கொறைக்கறேன், பூனைக்கில்ல எனக்கு.

இங்க என்ன நடந்துச்சுன்னா, பத்தாவது நாளே உப்புத்தண்ணி மோட்டாரு காலி. என்ஸ்கெடேக்காரங்க அதைப் போட்டுட்டு பவானிக்குப் போயிட்டாங்க. போர்ல தண்ணி எறங்கி வெறும் மோட்டாரு ஓடி காயில் பொகைஞ்சுருச்சு. பக்கத்து வீட்டு அக்கா எனக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புனாங்க, "ஏந்தம்பி, மோட்டாரு பொணமாட்டம் நாறுதுங்"னு. ரீவைண்டிங் 2,800 ரூவா, காசு அவங்களே குடுத்துட்டாங்க, நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. தப்பு எம்மேலதான், அந்த மோட்டாருக்கு ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்சு போடாம மூணு பக்கம் எழுதி என்ன பிரயோஜனம்.

பவானில ஜமக்காளம் நெய்யறதைப் பாத்துட்டு அந்தம்மாவுக்கு தலைகால் புரியல. அகல ஜமக்காளத்துக்கு ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து நாடாவைத் தள்ளி வாங்கிக்குவாங்க இல்ல, அந்த வீடியோ மட்டும் எனக்கு ஆறு அனுப்புனாங்க. ஆடிப் பதினெட்டுக்கு மறுக்கா கூடுதுறைக்குப் போயி கூட்டத்துல செருப்பைத் தொலைச்சுட்டு வந்திருக்காங்க. யானை ஜூலை கடைசில வந்துச்சு. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, ராத்திரி ரெண்டு மணிக்கு, பலாமரத்தை ஒடிச்சுட்டுப் போயிருக்குது. அதுக்கப்பறம் அந்த மனுசன் ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டிட்டு மொட்டை மாடில டார்ச்சோட உக்காந்துக்குவாராம், பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

செலவுக் கணக்கு கேப்பீங்க. ஃபிளைட்டு ரெண்டு பேருக்கும் ஒன்னேகால் லட்சம், விசா இன்சூரன்ஸ் சந்தா எல்லாம் சேந்து அம்பதாயிரத்துக்குள்ள, அங்க காய்கறி ரயிலு கைச்செலவு ஒரு லட்சம். 42 நாளைக்கு ஓட்டல்னு போட்டிருந்தா, நாளைக்கு 100 யூரோன்னு வெச்சாலும் 4,200 யூரோ, நாலு லட்ச ரூவாய்க்கு மேல. அது மிச்சம். ஆனா போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிச்சு, பாத்ரூமு கொழாய் மாத்தி, பீரோ காலி பண்ணி பூட்டி, புது மெத்தை வாங்கி, அதுக்கே எண்பதாயிரம் ஆச்சு, அதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எங்கூட்டம்மாவும் நானும் இன்னும் பேசிட்டுத்தான் இருக்கறோம்.

சைட்டுக்கு அஞ்சுக்கு மூணு. வருசம் முடிஞ்சதும் கேக்காமலே கார்டுல இருந்து மறுக்கா சந்தா எடுத்துட்டான், அதுக்கு ஒன்னு போச்சு, அட்ரஸ் கூத்துக்கு ஒன்னு. ஆட்டோ ரின்யூவலை சேந்த அன்னைக்கே நிறுத்திடுங்க. என்ஸ்கெடேக்காரங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு. வீட்டை நாங்க விட்டுட்டுப் போனதைவிட சுத்தமா வெச்சிருந்தாங்க, போசி குண்டா எல்லாம் அளவு வாரியா அடுக்கிருந்துச்சு, எது எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்க எங்கூட்டம்மாவுக்கு ஒரு வாரமாச்சு.

சந்தாதான் போயிருச்சேன்னு அடுத்த வருசத்துக்கும் பாத்துட்டு இருக்கறோம். போர்ச்சுகல்ல இருந்து ஒரு குடும்பம் கேட்டிருக்குது, பதினேழு பக்கத்தையும் அனுப்பி வெச்சன், இப்ப அது பதினெட்டு, மோட்டாரு சுவிட்சுக்கு ஒரு பக்கம் சேந்துருச்சு. தண்ணியப் பத்தி ஒரு கேள்வி கூட வரல. யானை நெசமாவே வருமான்னு மட்டும் கேட்டிருக்காங்க. வருமுங்கன்னு போட்டு வெச்சிருக்கறன், இன்னும் பதில் காணோம்.